பதினான்கு நாள் தண்ணீர்

அணுகுண்டு விழுந்தால் உயிர் பிழைப்பது எப்படி என்று நான் பாடம் நடத்தியிருக்கிறேன். கரும்பலகை வைத்து, படம் போட்டு, கையில் தொண்டர் பட்டை கட்டிக்கொண்டு நடத்தியிருக்கிறேன். இதைச் சொன்னால் இப்போது பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. இத்தனை வருஷம் கழித்தும் அந்த மூன்று வாரங்களை நினைத்தால் உள்ளங்கை சூடாகிறது.

சீனாக்காரன் முதல் குண்டை வெடித்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. வடக்கே பாகிஸ்தானோடு சண்டை நடந்துகொண்டிருந்தது. சீனாவும் சேர்ந்துகொள்ளும், குண்டைப் போட்டாலும் போடுவான் என்று கடைத்தெருவில் பேசினார்கள். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. பிறந்தது குடியாத்தத்தில், லுங்கி நெய்கிற குடும்பத்தில். வேலை, ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே பாலாற்றங்கரையில் உள்ள ஓர் ஊரின் ஆரம்பப் பள்ளியில். ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. அந்த மனிதர்களின் பிள்ளைகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.

ஊரில் ஒரு பாதுகாப்புக் கமிட்டி போட்டார்கள். ஊரில் தோல் பதனிடும் பெரிய டேனரியின் முதலாளிதான் தலைவர். பெண்களுக்குச் சொல்லித்தர ஒரு பெண் வேண்டும் என்று என்னைத் தேர்ந்தெடுத்து வேலூருக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மூன்று நாள். எனக்கு ரொம்பப் பெருமை. புதுப்புடவை கட்டிக்கொண்டு போனேன்.

பயிற்சி கொடுத்தவர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு கேப்டன். கரும்பலகையில் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டம் போட்டார். நடு வட்டத்தில் இருக்கிறவர்களைப் பற்றிப் பேசிப் பயனில்லை என்றார். இரண்டாவது வட்டத்தில் பாதிப்பேர் போவார்கள். மூன்றாவது வட்டத்தில் இருப்பவர்கள் சொன்னபடி நடந்தால் பிழைக்கலாம். வெளிச்சம் தெரிந்ததும் குப்புற விழ வேண்டும். கண்ணை மூட வேண்டும். வெள்ளைத் துணியால் உடம்பை மூட வேண்டும். குண்டு வெடித்த பிறகு காற்றில் வருகிற தூசிதான் விஷம், அதனால் வீட்டுக்குள் போய்க் கதவு ஜன்னல் இடுக்குகளை எல்லாம் அடைத்துக்கொண்டு பதினான்கு நாள் வெளியே வரக் கூடாது. திறந்து கிடந்த தண்ணீரைத் தொடக் கூடாது. முன்கூட்டியே மூடி வைத்த தண்ணீர், மூடி வைத்த சாப்பாடு, இவை மட்டும்தான்.

இரண்டாம் நாள் நான் எழுந்து கேட்டேன். "சார், எங்க ஊர்ல தொழிலாளிங்க எல்லாம் ஒரே ரூம்ல இருக்காங்க. ஓட்டு வீடு, இல்லன்னா கூரை வீடு. இடுக்கு அடைக்கறதுன்னா எதைன்னு அடைக்கறது?"

கேப்டன் என்னை மரியாதையாகத்தான் பார்த்தார். "அந்தந்த ஊர் நிலைமைக்குத் தகுந்த மாதிரி நீங்க மாத்திச் சொல்லிக்குங்க டீச்சர்."

அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். நிலைமைக்குத் தகுந்த மாதிரி மாற்றிச் சொல்ல வேண்டும். கூரைக்கும் தூசிக்கும் நடுவே எதை மாற்றுவது என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை.

ஊர் திரும்பியதும் ஞாயிற்றுக்கிழமை டேனரிக்குப் பின்னால் இருந்த லைன் வீடுகளில் வகுப்பு. இரண்டு வரிசை வீடுகள், நடுவே சாக்கடை. ஒரு வரிசையில் தமிழ்க் குடும்பங்கள், ஆணும் பெண்ணும் டேனரி வேலைக்குப் போகிறவர்கள். எதிர் வரிசையில் வீட்டில் உருதும் வெளியே தமிழும் பேசுகிற முஸ்லிம் குடும்பங்கள். ஆண்கள் டேனரியில், பெண்கள் வீட்டில் பீடி சுற்றுவார்கள். லைனுக்கென்று ஒரு கிணறு இருந்தது. முன்பு நல்ல தண்ணீராக இருந்ததாம். டேனரிக் குழிகளில் இருந்து ஊறி ஊறி, நான் பார்த்தபோது ஆவாரம்பட்டைக் கஷாயம் மாதிரி இருந்தது. வாயில் வைத்தால் உப்பு. குடிக்க வேண்டுமென்றால் ஆற்று மணலில் ஊற்று தோண்ட வேண்டும். ஒரு மைல் நடை. ஒரு குடம் ஊறி நிரம்ப நேரம் பிடிக்கும், பின்னால் இருபது பேர் நிற்பார்கள். மழை பெய்து ஆற்றில் அழுக்குத் தண்ணீர் வந்துவிட்டால் அந்த ஊற்றும் கெட்டுப் போகும். அந்தச் செப்டம்பரில் மழை பெய்துகொண்டிருந்தது.

நாற்பது பெண்கள் வந்திருந்தார்கள். நான் மூன்று வட்டத்தையும் போட்டேன். நாம் மூன்றாவது வட்டத்தில் இருப்போம் என்று வைத்துக்கொள்வோம் என்று ஆரம்பித்தேன்.

முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் கையைத் தூக்கினார். டேனரியில் பச்சைத் தோலில் இருந்து உப்பு உதறுகிற வேலை அவருக்கு. வருஷக்கணக்காக உப்பில் வெந்து விரல் நுனியெல்லாம் வெளுத்துப் போயிருக்கும். என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர். ஆனால் நான் அவரை அன்று 'நீ' என்றுதான் பேசினேன். என்னைப் போன்றவர்கள் அவர்களை அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தோம். அதையும் மறைக்காமல் எழுதிவிட வேண்டும்.

"மூணாவது வட்டத்துலதான் நாங்க இருக்கறோம்னு சீனாக்காரனுக்கு யாரு டீச்சரம்மா சொல்றது?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. "விளையாட்டு இல்லம்மா இது. உயிர் சமாசாரம்."

"கோச்சிக்காத டீச்சரம்மா. எவ்ளோ நேரம் முன்னாடி சொல்வாங்க, அதச் சொல்லு."

"சங்கு ஊதுவாங்க. சில நிமிஷம் இருக்கும்."

"எந்தச் சங்கு? டேனரி ஷிப்டு சங்கா?"

அதேதான். ஊரில் இருந்தது அந்த ஒரு சங்குதான். "விட்டு விட்டு ஊதினா குண்டு, நீளமா ஊதினா ஷிப்டு" என்று விளக்கினேன்.

"பதினாலு நாளு உள்ளயே அடைஞ்சி கெடந்தா வெளிக்கி எங்க போறது?" என்று இன்னொருத்தி கேட்டாள். பயிற்சியில் கொடுத்த புத்தகத்தில் மூடி போட்ட வாளி என்று இருந்தது. சொன்னேன். ஏழு பேர், ஒரு அறை, ஒரு வாளி. மறுபடியும் சிரிப்பு. அவர்கள் சிரித்ததை நான் அறியாமை என்று நினைத்தேன். அந்த இடத்தில் அறியாமை யாரிடம் இருந்தது என்று இப்போது தெரிகிறது.

சிரிக்காமல் இருந்தவள் ஒருத்தி. எதிர் வரிசையில் இருந்து வந்த பீடி சுற்றுகிற பெண். இருபது வயது இருக்கும். மடியில் ஏழெட்டு மாதக் குழந்தை. முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"டீச்சரம்மா, அந்தத் தூசி எம்மேல பட்டிருந்தா, பாப்பாவுக்குப் பால் குடுக்கலாமா? பால்ல வந்துடுமா?"

புத்தகத்தில் அது இல்லை. கேப்டனும் சொல்லவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கையில் பட்டை கட்டியிருந்தேன். "வராது, தைரியமா குடுக்கலாம்" என்றேன். அவள் முகம் தெளிந்தது. அன்றிலிருந்து நான் சொன்னதை எல்லாம் அவள் நம்பினாள்.

கடைசியாகத் தண்ணீர் விஷயம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று பதினான்கு நாளைக்கு மூடி வைக்க வேண்டும் என்றேன். அப்போது யாரும் சிரிக்கவில்லை. உப்பு உதறுகிற அம்மாள் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார்.

"ஒரு நாள் தண்ணிக்கே பேஜாரா இருக்குது. பதினாலு நாள் தண்ணி வச்சிருக்கறவளா இருந்தா நான் இன்னாத்துக்கு இந்த லைன்ல இருக்கப் போறேன்?"

கமிட்டிக்கு அறிக்கை எழுத வேண்டும். 'தண்ணீர் சேமித்துள்ள குடும்பங்கள்' என்று ஒரு கட்டம் இருந்தது. 'முயற்சி நடைபெறுகிறது' என்று எழுதிக் கொடுத்தேன். அப்படி எழுதியவர்களில் நானும் ஒருத்தி, ஆமாம்.

அடுத்த வாரம் வேலூரில் இருந்து ஒரு அதிகாரி பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்தது. தலைவர் என்னைக் கூப்பிட்டு, இரண்டு வீட்டை மாதிரி வீடாக அலங்கரிக்கலாம் என்றார். செங்கல் சுவரும் ஓடும் உள்ள வீடாகப் பார்த்தால் லைனில் ஏழெட்டுதான் தேறியது. அதில் உப்பு உதறுகிற அம்மாளின் வீட்டையும், நேரெதிரே பீடி சுற்றுகிறவளின் வீட்டையும் நான்தான் தேர்ந்தெடுத்தேன். ஜன்னலில் காகிதம் ஒட்டினோம். வாசலில் மண் மூட்டை அடுக்கினோம். தலைவரின் மாந்தோப்புக் கிணற்றில் இருந்து டிராக்டரில் தண்ணீர் வந்தது. புத்தம் புதிய மண்பானைகள், வீட்டுக்குப் பத்து. நிரப்பி, வெள்ளைத்துணி கட்டி, முடிச்சின்மேல் கமிட்டி முத்திரை குத்திய காகிதத்தைப் பசை போட்டு ஒட்டினோம். பாதி அறை பானைக்கே போய்விட்டது. இரண்டு குடும்பமும் வெளியே தாழ்வாரத்தில் படுத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். மழைச் சாரலில்.

"அதிகாரி பாத்துட்டுப் போறவரைக்கும் யாரும் தொடக்கூடாது" என்று தலைவர் சொன்னார். அதை இரண்டு வீட்டிலும் போய்ச் சொன்னது நான். "சீல் உடைஞ்சா என் வேலைக்கு ஆபத்து. பார்த்துக்குங்க."

இரண்டு நாளில் வருகிறேன் என்ற அதிகாரி வரவில்லை. நாலு நாள், ஐந்து நாள் ஆனது. இதற்கிடையில் ஆற்றில் செம்மண் தண்ணீர் ஓடியது. ஊற்றெல்லாம் கலங்கிப் போனது. லைனில் குழந்தைகளுக்குப் பேதி கண்டது. வருஷா வருஷம் மழைக்கு வருவதுதான் என்றார்கள். நான் தினமும் பள்ளி விட்டதும் வந்து முத்திரைகளைச் சரிபார்த்துவிட்டுப் போவேன். பத்தும் பத்தும் இருபது. வருகிற வழியில் வாசலில் சுருண்டு கிடந்த குழந்தைகளைத் தாண்டித்தான் வந்திருப்பேன். முத்திரைகள்தான் எனக்கு நினைவில் இருக்கின்றன.

ஆறாம் நாள் சாயங்காலம் உப்பு உதறுகிற அம்மாளின் வீட்டில் பின்வரிசைப் பானை ஒன்றில் என் கை தற்செயலாகப் பட்டது. வெற்றுப் பானைச் சத்தம். அடுத்ததைத் தட்டினேன். அதுவும் காலி. முத்திரைக் காகிதத்தைப் பிரித்து, சோற்றுப் பருக்கை வைத்து மறுபடி ஒட்டியிருந்தது. நாலு பானை காலி.

"யாரு தொட்டது?" என்று கத்தினேன்.

அவர் அடுப்படியில் இருந்து எழுந்து வந்தார். "நாந்தான் தொட்டேன்."

"என்ன தைரியம் உனக்கு? அரசாங்கத் தண்ணி அது!"

"புள்ளைக்கு வாந்தி பேதி. ரெண்டு நாளா நிக்கல. நல்ல தண்ணிய வச்சிக்கினு, ஆத்துச் சேத்தக் காச்சிக் குடுக்கச் சொல்றியா? பேதி வந்த மொத நாளே ஒட்டு பிரிச்சிட்டேன். உப்புக் கஞ்சி வச்சி ஊத்தினேன். தோ, பாரு."

மூலையில் அவருடைய கடைசிப் பெண் குழந்தை, மூன்று வயது, கோணியில் படுத்திருந்தது. கண் குழி விழுந்திருந்தாலும் என்னைப் பார்த்துக் கையை ஆட்டியது. நான் அப்போதும் பானைகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். மறுபடி நிரப்ப வேண்டும், டிராக்டர் வர வேண்டும், தலைவருக்கு என்ன சொல்வது.

அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினார். "என்னைத் திட்டறது இருக்கட்டும். எதுத்தாப்புல போயிப் பாரு. அந்தப் பொண்ணோட கொழந்தைக்கு நேத்திலருந்து பேதி. பானையப் பிரிடின்னு சொன்னேன். மாட்டேன்னுட்டா. டீச்சரம்மா தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்கன்றா."

எதிர் வீட்டுக்குப் போனேன். அந்தப் பெண் தாழ்வாரத்தில் உட்கார்ந்து குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு உறைத்திருக்குமோ என்னவோ. வாய் உலர்ந்து போயிருந்தது. பால் குடிக்கிறதா என்று கேட்டேன். நேற்று ராத்திரியில் இருந்து சரியாகக் குடிக்கவில்லை, ஆற்றுத் தண்ணீரைக் காய்ச்சி ஸ்பூனில் கொடுத்தேன், அதையும் கக்குகிறது என்றாள்.

"உள்ள பானையில தண்ணி இருக்கே. ஏன் எடுக்கல?"

"நீங்கதான் தொடக்கூடாதுன்னு சொன்னீங்களே டீச்சரம்மா." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "எங்க ஊட்டுக்காரரும் வாணாம்னுட்டார். சண்டை நடக்குது. எங்க வரிசை மேல ஏற்கெனவே எல்லாருக்கும் ஒரு கண்ணு. ரேடியோ எது கேக்கறோம்னு ஆளுங்க வந்து விசாரிச்சிட்டுப் போறாங்க. சர்க்கார் தண்ணிய எடுத்துட்டாங்கன்னு ஒரு பேச்சு வந்தா, அவ்ளோதான்."

நான் அப்போது செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். உள்ளே போய் முதல் பானையின் துணியை அவிழ்த்திருக்க வேண்டும். நாலு எட்டு தூரம். ஒரு முடிச்சு. அதை நான் செய்யவில்லை. "இரும்மா, தலைவர்கிட்ட கேட்டுட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

தலைவர் வீட்டில் என்னை உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள். குடித்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. கெட்டவர் மாதிரி பேசவில்லை. பொறுமையாகத்தான் பேசினார்.

"இன்னைக்கோ நாளைக்கோ வர்றாங்க டீச்சர். ஒரு வீட்டுல ஏற்கெனவே நாலு பானை போச்சுன்றீங்க. இன்னொரு வீட்டுலயும் திறந்துட்டா, காட்டறதுக்கு என்ன இருக்கு? குழந்தைக்கு மருந்து வேணும்னா காலையில ஆம்பூருக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. நான் வேணா வண்டிக்குச் சொல்றேன்."

சரி சார் என்று வந்துவிட்டேன். மழை பிடித்துக்கொண்டதால் நேராக என் அறைக்குப் போய்விட்டேன். காலையில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

காலையில் அவர்களே ஒரு ஜட்காவைப் பிடித்துக்கொண்டு கிளம்பியிருந்தார்கள். பாதி வழியில் குழந்தை இறந்துபோனது. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்கள். நான் பள்ளிக்குப் போகிற வழியில் லைனுக்குள் நுழைந்தபோது எதிர் வரிசைப் பெண்கள் எல்லாம் அந்தத் தாழ்வாரத்தில் இருந்தார்கள். உள்ளே பத்துப் பானையும் ஒட்டு பிரியாமல் வரிசையாக நின்றன.

அந்தத் தண்ணீரைக் கொடுத்திருந்தால் குழந்தை பிழைத்திருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். பிற்பாடு ஒரு டாக்டரிடம் கேட்டேன். பிழைத்திருக்கலாம், போயிருந்தாலும் போயிருக்கும் என்றார். ஆனால் எதிரெதிரே இரண்டு வீடு, ஒரே நோய், ஒரே தண்ணீர், பத்துப் பத்துப் பானை. என் பேச்சைக் கேட்காதவரின் குழந்தை எழுந்து நடந்தது. என் பேச்சைக் கேட்டவளின் குழந்தை மண்ணுக்குள் போனது. எனக்கு அது போதும்.

இரண்டு நாள் கழித்து அதிகாரி வந்தார். இரண்டு ஜீப். ஒரு போட்டோக்காரர். காலி பானைகளைத் தலைவர் ஆள் வைத்து நிரப்பிவிட்டிருந்தார். தலைவர், கமிட்டி ஆட்கள், நான், எல்லோரும் வரிசையாக நின்றோம். உப்பு உதறுகிற அம்மாள் வீட்டில் படம் எடுத்தார்கள். அதிகாரி அவரைப் பார்த்துக் கேட்டார்.

"குண்டு போட்டா என்னம்மா பண்ணுவீங்க?"

நான் ஒரு வாரமாகச் சொல்லிக்கொடுத்த பதில். அவர் கையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்தார். "குப்புறப் படுத்துக்குவேன் சார். கண்ண மூடிக்குவேன். வெள்ளத்துணி போத்திக்குவேன். அப்பால கதவ சாத்திக்கினு பதினாலு நாளு உள்ளயே இருப்பேன்."

"வெரி குட்!" என்றார் அதிகாரி.

"தண்ணியத்தான் தொடமாட்டேன் சார். செத்தாலும் தொடக்கூடாதுன்னு எங்களுக்குச் சொல்லியிருக்காங்க."

அதிகாரிக்குப் புரியவில்லை. வேடிக்கையாக ஏதோ சொல்கிறாள் என்று சிரித்தார். தலைவரும் சிரித்தார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. என் பெயரைச் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"சார்," என்றேன். "எதிர் வீட்டுல முந்தாநேத்து ஒரு குழந்தை செத்துப்போச்சு."

தலைவர் என் பக்கம் சாய்ந்தார். "டீச்சர், இப்ப எதுக்கு அது."

"பேதி சார். குடிக்க நல்ல தண்ணி இல்லாம. பத்துப் பானை நல்ல தண்ணி வீட்டுக்குள்ள இருந்திச்சு. உங்களுக்குக் காட்டறதுக்காக வச்சிருந்தோம். தொடாதேன்னு நான்தான் சொன்னேன்."

அதிகாரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "ரொம்ப வருத்தமான விஷயம்தான். ஆனா பேதிக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்? அது சுகாதார இலாகா. நாங்க வந்தது யுத்தப் பாதுகாப்புக்கு."

"தண்ணி சார்! சம்பந்தம் தண்ணி!"

நான் அப்படிக் கத்துவேன் என்று எனக்கே தெரியாது. என் அப்பா முன்னால்கூட நான் குரலை உயர்த்திப் பேசியதில்லை. "இவங்களுக்கு ஒரு நாளைக்கே தண்ணி இல்ல சார். கிணத்தப் பாருங்க. யாரு கெடுத்ததுன்னு இங்க நிக்கறவங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும். மழை வந்தா இங்க குழந்தைங்க சாகுது. இதுக்கு மேல ஒருத்தன் சீனாவுல இருந்து வந்து குண்டு போடணுமா? மூணாவது வட்டம்னு சொல்லிக் குடுத்தேனே, இந்த லைன் எந்த வட்டத்துல இருக்குதுன்னு நீங்களே சொல்லுங்க!"

நான் உள்ளே போனேன். முதல் பானையின் முத்திரையைக் கிழித்தேன். இரண்டாவது, மூன்றாவது. நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. "வாங்க, எடுத்துக்கிட்டுப் போங்க" என்று வாசலில் நின்ற பெண்களைக் கூப்பிட்டேன். முதலில் தயங்கினார்கள். உப்பு உதறுகிற அம்மாள்தான் ஒரு பானையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அதிகாரியைத் தாண்டி வெளியே நடந்தார். அதற்குப் பிறகு குடம், சொம்பு, அலுமினியத் தூக்கு என்று கைக்குக் கிடைத்ததோடு வந்தார்கள். எதிர் வீட்டுப் பானைகளையும் திறந்தோம். அந்தப் பெண் தாழ்வாரத்து மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை. தரையில் வைத்துவிட்டாள்.

சாயங்காலம் பானைகளைத் திருப்பி எடுத்துப்போக டிராக்டர் வந்தது. ஒருத்தியும் கொடுக்கவில்லை. அந்தத் தண்ணீர் இருபது வீட்டுக்கு இரண்டு நாள் வந்தது. பதினான்கு நாளெல்லாம் இல்லை.

எனக்கு ஓலை வந்தது. நெருக்கடி நேரத்தில் பொதுமக்களிடையே பீதியைக் கிளப்பியதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். நான் ஒரு பக்கத்துக்கு விளக்கம் எழுதினேன். அதை யாராவது படித்தார்களா தெரியாது. ஆர்க்காட்டுக்குத் தெற்கே கலவைப் பக்கம் மாற்றிவிட்டார்கள். சண்டை அதற்குள் நின்றுபோயிருந்தது. மாதிரி வீடுகளைப் பற்றிப் பத்திரிகையில் சின்னதாகச் செய்தியும் படமும் வந்ததாகச் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. லைனுக்குக் குழாய் வரப் பல வருஷம் ஆனது என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

அந்தப் புத்தகத்தை நான் கலவையில் வைத்துத் திரும்பத் திரும்பப் படித்தேன். எங்கே பொய் இருக்கிறது என்று தேடினேன். கிடைத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் அதில் சொன்னது எல்லாம் சரி. மூடிய வீட்டில் இருந்தால் தூசி குறையும். சுத்தமான தண்ணீர் இருந்தால் பிழைக்கலாம். தடித்த சுவர், மூடிய சாப்பாடு, பதினான்கு நாள் தண்ணீர் உள்ளவன் பிழைப்பான். அவன் குண்டு விழாத நாளிலும் பிழைக்கிறான். இல்லாதவர்களிடம் போய் இவற்றை எல்லாம் வைத்துக்கொள்ளுங்கள் என்று நோட்டீஸ் கொடுப்பதுதான் அரசாங்கத்தின் பாதுகாப்பு. பிழைக்கவில்லை என்றால் சொன்னபடி நடக்கவில்லை என்று எழுதிவிடலாம். அதற்குத்தான் அந்தக் கட்டங்களும் அறிக்கைகளும். குண்டு விழவில்லையே, அதற்குப் போய் இத்தனை கோபமா என்று என் வீட்டுக்காரர் கேட்பார்.

நாலைந்து வருஷம் கழித்து ஒருநாள் குடியாத்தம் பஸ் ஸ்டாண்டில் பேரணாம்பட்டு பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். "டீச்சரம்மா" என்று ஒரு குரல். அந்தப் பெண். கையில் ஒரு பையன், இடுப்பில் ஒரு கைக்குழந்தை. கணவனுக்குப் பேரணாம்பட்டில் வேலை, அங்கேயே குடி போய்விட்டோம் என்றாள். நல்லா இருக்கீங்களா, எங்க வேலை, பிள்ளைங்க எத்தனை என்றெல்லாம் விசாரித்தாள். அதே மரியாதை. அதே நம்பிக்கை.

"அன்னைக்கு நான் அந்தப் பானையத் திறந்திருக்கணும்மா" என்றேன். "என்னால தான்."

அவள் சட்டென்று என் கையைப் பிடித்தாள். "அப்படிச் சொல்லாதீங்க டீச்சரம்மா. அது அல்லா குடுத்தது, அவனே எடுத்துக்கிட்டான். நீங்க என்ன பண்ணுவீங்க."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். நடுரோட்டில் நாலு பேர் பார்க்கத் திட்டியிருக்கலாம். என்னை, தலைவரை, அதிகாரியை, எல்லோரையும் பெயர் சொல்லித் திட்டியிருக்கலாம். எங்கள் எல்லோரையும் ஒரே வார்த்தையில் விட்டுவிட்டாள். எனக்கு அவள்மேல்கூடக் கோபம் வந்தது.

பஸ் வந்தது. கூட்டம் அடித்துக்கொண்டு ஏறியது. நான் முதலில் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்தேன். அவள் கைக்குழந்தையை ஜன்னல் வழியாக என்னிடம் நீட்டி, "கொஞ்சம் புடிச்சிக்குங்க டீச்சரம்மா, பையன ஏத்திட்டு வந்துடறேன்" என்றாள். நான் சீட்டில் உட்கார்ந்து அந்தக் குழந்தையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.